இருபத்து மூன்று சுற்று

ஏரம்புவின் வலக்கையில் மூன்று விரல்கள்தான். மற்ற இரண்டையும் இளையதம்பி மண்வெட்டியால் நசுக்கியது ஐம்பத்தொன்பதாம் ஆண்டுக் கோடைச் சிறுபோகத்தில்.

கனகராயன்குளத்துக்கு அப்பால் ஒரு குடியேற்றக் குளத்தில், வயலுக்குத் தண்ணீர் விடும் மதகான துருசைத் திறப்பவர் ஏரம்பு. பழைய மரத்துருசில் துளையிட்ட தடி இருந்தது. ஒருவனுக்கு மூன்று துளை என்றால், தடியை மூன்று துளை உயர்த்தினால் சரி. அந்த வருடம் இரும்புக் கதவும் அதைத் தூக்கும் திருகுச் சில்லும் வந்தன. அவரவர் தண்ணீரை எழுதிக் கொடுத்த பங்குத் துண்டுகளில் மட்டும் பழைய துளைக்கணக்கே இருந்தது. ஏரம்பு மூன்று நாள் வாய்க்காலுக்குள் நின்று தண்ணீரை அளந்து பார்த்தார். முதல் இரண்டு சுற்றும் கதவை அசைக்காது. பிறகு துளைக்கு ஏழு சுற்று. கெட்டிக்கார மனுசன்தான், ஆனால் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்தக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த இளையதம்பியின் நெல், கதிர் கட்டும் குடலைப் பருவத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அவனுடைய முறைக்கு முதல்நாள், மேல்வயல் யோகலிங்கத்துக்கு ஏரம்பு இருபத்து மூன்று சுற்றுச் சுற்றியதை அவன் ஒளிந்திருந்து எண்ணினான். யோகலிங்கத்தின் துண்டிலும் மூன்றுதான்.

விடிந்ததும் மண்வெட்டியோடு வந்தான்.

"அவனுக்கு இருபத்திமூண்டு, எனக்கு மூண்டோடா, கள்ளா?"

"தம்பி, துளை வேற, சுத்து வேற..."

மிச்சத்தைச் சொல்ல விடவில்லை. மண்வெட்டியின் பின்பக்கம் சில்லைப் பிடித்திருந்த கையில் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டும் அவன் வெறி அடங்கவில்லை. பிடியால் வாயில் அடித்தான், விழுந்தவரை விலாவில் உதைத்தான். கிழவர் குளக்கட்டில் இரத்தம் துப்பிக்கொண்டு கிடந்தார்.

"நான் களவெடுக்கிறவன் இல்லை. என்ர மூண்டு எனக்குப் போதும்!"

இரத்தம் படிந்த சில்லைப் பிடித்து எண்ணி மூன்று சுற்றினான். வாய்க்காலின் அடி நனைந்தது, அவ்வளவுதான். அவன் குனிந்து பார்த்தான். பிறகு ஏரம்புவைப் பார்த்தான்.

"அண்ணை... எத்தினை?"

பேசாமல் கிடந்திருக்கலாம் ஏரம்பு. அந்த வயல் ஒரு கிழமையில் பதராகியிருக்கும். உடைந்த பல்லைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"இன்னும் இருபது."

இளையதம்பி அழுதழுது சுற்றினான். தண்ணீர் இரைந்து பாய்ந்தது. பிறகுதான் அவரை வண்டிலில் ஏற்றி வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அடுத்த போகத்தில் ஏரம்பு மறுபடி துருசுக்கு வந்தார். இளையதம்பியின் முறைக்கு அந்த மூன்று விரலால் சில்லைப் பிடித்து, குளக்கட்டு முழுக்கக் கேட்க ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சுற்றினார்.

"எண்ணாதையுங்கோ அண்ணை, காலிலை விழுறன்," என்று கெஞ்சினான் இளையதம்பி.

ஏரம்பு நிறுத்தவில்லை. இருபத்து மூன்றையும் எண்ணி முடித்தார். ஒன்றுகூடக் குறைக்கவில்லை. வேறு எவருக்கும் அவர் வாய்விட்டு எண்ணியதில்லை.