வோல்ட்டரும் வாசற்படிச் செருப்புகளும்

2007ஆம் ஆண்டு தை மாதம், மட்டக்களப்புப் புளியந்தீவில் சப்பாத்துத் தைக்கும் வோல்ட்டரைப் பற்றிக் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதில் அவருடைய பெயருக்கு முன்னால் 'செருப்புகளைக் களவாக அப்புறப்படுத்திய' என்று எழுதப்பட்டிருந்தது. செருப்பு என்பது உண்மை. அப்புறப்படுத்தியதும் உண்மை. நடுவில் உள்ள சொல்லை மட்டும் வோல்ட்டர் ஏற்கவில்லை.

வோல்ட்டர் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். முதலுதவியைப் புத்தகம் பார்த்துத் தாமே படித்து, கடைக்கு வந்த மச்சான்மாரின் நல்ல கைகளிலெல்லாம் கட்டுப்போட்டுப் பழகி, பரீட்சையில் சித்தியும் அடைந்தார். அந்தச் சான்றிதழ் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் தொங்கியது. மனைவி ஐரீன் அதன் ஆணியில்தான் கடைச் சாவியைக் கொழுவுவார்.

சுனாமி வந்த ஞாயிறு காலை வோல்ட்டர் கோயிலில் இருந்தார். "கடல் வந்துட்டு!" என்று வீதியில் எவரோ கத்த, பூசையிலிருந்த சனமெல்லாம் வாசலுக்கு ஓடியது. வாசலுக்கு வந்ததும் எல்லாரும் குனிந்தார்கள். தமிழர்கள் செருப்பை வாசற்படியில் கழற்றிவிட்டே உள்ளே போவார்கள். பறங்கியர் சப்பாத்தோடு போவார்கள். முன்னால் குனிந்தவர்கள் தத்தம் செருப்பைத் தேட, பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் விழ, றோசம்மா மாமியின் மணிக்கட்டு முறிந்தது. கடல் அந்தக் கோயில்வரை வரவில்லை. கடலோரத்து டச்பாரில் வோல்ட்டரின் தம்பி வீட்டுக்கு வந்தது. அங்கே ஒருவரும் மிஞ்சவில்லை. தம்பியை அடக்கம் செய்த பின்னும் அந்தக் கோயில் வாசல் வோல்ட்டரின் கண்ணை விட்டுப் போகவில்லை. கடல் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்திருந்தால் பங்குச் சனம் முழுவதுமே செருப்புத் தேடிச் செத்திருக்கும்.

பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. வாவிக்கு மேலால் வவுணதீவுப் பக்கம் ஷெல் போகும்போதெல்லாம் கோயில் யன்னல்கள் நடுங்கின. ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று சனத்தைப் பழக்கும் பொறுப்பைப் பங்குத்தந்தை வோல்ட்டரிடம் கொடுத்தார்.

முதற் பாடம், படுப்பது.

"எல்லாரும் குப்புறப் படுங்க. காதைப் பொத்துங்க. நான் மணியடிக்குமட்டும் ஒருத்தரும் தலையைத் தூக்கப்படாது."

எல்லாரும் படுத்தார்கள், றோசம்மா மாமியைத் தவிர. "இந்தச் சாரி மகள் கட்டாரிலயிரிந்து அனுப்பினது. நான் குந்திறன். காணுமா?"

"மாமி, நீங்க குந்தியிரிக்கிறது குண்டுக்கு விளங்குமா?"

"விளங்காட்டி நீ சொல்லு. நீதானே சேட்டிபிக்கட் எடுத்த ஆள்."

அடுத்த ஞாயிறு மாமி பன்பாய் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். அவர் அதைத் தட்டி விரித்து, சுருக்கம் நீக்கி, சிலுவை போட்டுப் படுப்பதற்குள் மற்றவர்கள் எழும்பிவிட்டார்கள்.

இரண்டாம் பாடம், வெளியேறுவது. மணி அடித்ததும் கோயிலை விட்டு ஓடி, வளவின் மறுகோடியில் இருக்கும் பள்ளிக்கூட மதிலுக்குப் பின்னால் பதுங்க வேண்டும். மணி அடித்தது. சனம் வாசல்வரை காற்றாய்ப் போனது, போய்க் குனிந்தது. வாசலின் நடுவில், ஒரு காலில் செருப்போடு, பங்குச் சபைச் செயலாளர் அருமைநாயகம் நின்றார். ஓய்வுபெற்ற தபாலதிபர், கொழும்பில் வாங்கிய தோற்செருப்பு.

"என்ட மற்றச் செருப்பு எங்க?"

"ஐயா, குண்டு விழுந்திரிக்கு."

"விழட்டும். இது புதுசு."

செருப்பைப் பையில் போட்டு உள்ளே கொண்டுவரலாம் என்றார் வோல்ட்டர். "ஆண்டவர்ர சந்நிதியிலயா? பறங்கியாக்கள் சப்பாத்தோட வாறதையே நாங்க வாயை மூடிப் பாத்துக்கொண்டிரிக்கம்" என்றார் அருமைநாயகம். அந்த யோசனை அத்தோடு முடிந்தது.

ஆகவே அடுத்த ஞாயிறு, பிரசங்கம் நீண்டுகொண்டிருந்த நேரத்தில், வோல்ட்டர் நைசாக வெளியே போய் வாசற்படியிலிருந்த செருப்புகள் முழுவதையும் பசளைச் சாக்குகளில் அள்ளி மதிலடியில் கொட்டினார். தேடச் செருப்பில்லாவிட்டால் சனம் நில்லாமல் ஓடும் என்பது அவருடைய கணக்கு. ஏற்பாட்டின்படி கோயில் பணியாளரான சங்கிலித்தார் மணியை அடித்தார். சனம் வாசலுக்கு வந்தது, பழக்கத்தில் குனிந்தது, வெறும் படியைக் கண்டது. யாரும் ஓடவில்லை. செருப்பைத் தேடியவர்கள் இப்போது கள்ளனைத் தேடினார்கள். நெரிசல் முன்னையதைவிட மோசமாயிற்று. அந்நேரம் பார்த்து, வெறுஞ் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு வோல்ட்டர் பள்ளிக்கூடப் பக்கத்திலிருந்து நடந்து வந்தார்.

சபை அன்றே கூடியது.

"செருப்புத் தைக்கிறவர் செருப்பைத் தூக்கினா, அது ஏன்? நாங்க புதுசு தைக்கக் குடுக்கணும் எண்டுதானே?" என்றார் அருமைநாயகம்.

"எல்லாம் திருப்பித் தந்துட்டன் ஐயா. ஒண்டும் குறையல்ல."

"ஆள் பிடிபட்டதால."

பயிற்சி நிறுத்தப்பட்டது. தீர்மானத்தின் பிரதியொன்றைக் கேட்டு வாங்கி, வோல்ட்டர் சான்றிதழுக்குப் பக்கத்தில் மாட்டினார். கடைக்கு ஆள் வருவது குறைந்தது. வந்த ஒன்றிரண்டு பேரும் செருப்புத் தைத்து முடியும்வரை பக்கத்திலேயே நின்று காவல் காத்தார்கள். தகப்பன் காலத்திலிருந்து ஊரின் கால்களை நம்பிக்கையாய்ப் பிடித்த கைக்கு இது பொறுக்கவில்லை.

ஐரீன்தான் சொன்னார்: "சனம் உசிருக்கு ஓடாது, செருப்புக்குத்தான் ஓடும். அப்ப செருப்பைத் தூரத்தில வையுங்களன்."

"நான் சொன்னா ஆர் கேக்கிற?"

"நீங்க ஏன் சொல்றயள்?"

சனிக்கிழமை ஐரீன் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டு, பாவம் எதுவும் சொல்லாமல் இந்த யோசனையைச் சொன்னார்.

"இதை வெளியில வந்து சொன்னா என்ன பிள்ள?" என்றார் பங்குத்தந்தை.

"வெளியில அருமைநாயகம் ஐயா நிக்கிறார் பாதர்."

உள்ளேயிருந்து ஒரு இருமல் கேட்டது. சிரிப்பைப் போலவும் இருந்தது.

திருநீற்றுப் புதனன்று பங்குத்தந்தை அறிவித்தார்: தவக்காலம் முழுவதும், தமிழர் பறங்கியர் என்ற வேறுபாடின்றி, எல்லாரும் பள்ளிக்கூட மதிலடியில் காலணிகளைக் கழற்றி, சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து வந்து ஒறுத்தல் செய்ய வேண்டும். தவம் என்றதும் அருமைநாயகத்தால் மறுக்க முடியவில்லை. பறங்கியர் முணுமுணுத்துக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினார்கள். ஊருக்கே சப்பாத்துத் தைக்கும் வோல்ட்டரின் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்ததைக் கண்டு றோசம்மா மாமிக்கு அன்றைய தவம் கலைந்தது.

பங்குனியில் ஒரு ஞாயிறு, பூசை நடுவில், கோயிலுக்கு முன்னால் வீதியில் குண்டு வெடித்தது. யார் எறிந்தது என்று இன்றுவரை தெரியாது. யன்னல் கண்ணாடிகள் பொலபொலவென்று கொட்டின. பழகியபடியே எல்லாரும் குப்புற விழுந்தார்கள். கட்டார்ச் சாரியோடு, பாயில்லாமல், முதலில் விழுந்தவர் றோசம்மா மாமி. வெளியே துவக்குச் சத்தம் கேட்டு ஓய்ந்தது. பொறுப்பு பறிக்கப்பட்டிருந்ததை வோல்ட்டர் அந்நேரம் நினைக்கவில்லை. எழுந்து மணியை அடித்தார்.

வாசற்படி வெறுமையாய்க் கிடந்தது. அங்கே குனிய ஒன்றுமில்லை, நிற்கவும் ஒன்றுமில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனம் நேரே மதிலுக்கு ஓடியது. முதலாவதாகப் போய்ச் சேர்ந்தவர் அருமைநாயகம். மூச்சிரைக்க இடக்காற் செருப்பை வலக்காலில் திணித்ததில் வார் அறுந்தது. வோல்ட்டர் ஒவ்வொரு தலையாகப் பார்த்தார். கண்ணாடி கீறிய இரண்டு கைகளுக்குக் கட்டுப்போட்டார். ஒருவரும் குறையவில்லை.

படையினர் வீதியைத் திறந்துவிட்ட பிறகு அருமைநாயகம் அறுந்த செருப்போடு மெல்லக் கிட்ட வந்தார்.

"வோல்ட்டர், இதைக் கொஞ்சம் பாரும்."

"கள்ளன்ட கையில குடுக்கிறயளே ஐயா. திரும்பி வருமா?"

மதிலடியில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அருமைநாயகம் செருப்பைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார்.

"வரும்" என்றார்.

"இஞ்ச தைக்க ஏலாது. ஊசி கடையில. சோடியா வைச்சுத்தான் அளவு பாக்கணும். ரெண்டையும் தாங்க."

ஒன்றே போதும் என்பது செருப்புப் போடும் எவருக்கும் தெரியும். இருந்தும் அருமைநாயகம் மற்றதையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார். வெடிச் சத்தம் கேட்டு வீதியெங்கும் சனம் தத்தம் வீட்டு வாசற் படலையடியில் நின்றது.

"ஐயா, செருப்பெங்க?"

"வோல்ட்டரிட்டக் குடுத்திரிக்கன்."

அடுத்த படலையிலும் கேட்டார்கள். அங்கேயும் அதைத்தான் சொன்னார். வீடு போய்ச் சேரும்வரை, சபையைக் கூட்டாமலே, தம் தீர்மானத்தைப் படலை படலையாக அவரே திருத்திக்கொண்டு போனார்.