அத்தானின் நுரைக் கிண்ணம்

வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தான் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டுவார். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் கிண்ணம். அதன் அடியில் கடும் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் ஏதோ ஒன்று தேங்கியிருக்கும். மூக்கருகே கொண்டுபோனால் வெயிலில் மறந்துவிட்ட நண்டின் நாற்றம் அடிக்கும். வந்தவர்கள் முகத்தைச் சுளிக்கும்போது அவருடைய முகம் மலரும். "இவ்வளவும் அந்தத் தெளிஞ்ச தண்ணிக்குள்ள இருந்தது. கண்ணுக்குத் தெரிஞ்சதே?" என்று கேட்பார். அவருக்குப் பின்னால், வரவேற்பறைச் சுவரோரம், கண்ணாடித் தொட்டிக்குள் கடல்மீன்கள் நீந்திக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழைக் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மீன்களின் அழுக்கை இத்தனை பெருமையோடு காட்டிய மனிதர் அவர் ஒருவர்தான்.

அத்தான் என் அக்காவின் கணவர். சல்லி என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்து, வெளிநாட்டுக்கு அனுப்பும் அலங்கார மீன்களை ஆழத்தில் போய்ப் பிடிக்கும் சுழியோடியாக இருந்தவர். ஒருநாள் கூடப் போன சிநேகிதருக்குச் சிலிண்டரில் காற்று முடிந்துவிட்டது. தன்னுடைய காற்றை அவரோடு பகிர்ந்துகொண்டு, ஆழத்திலிருந்து ஏறுகிறவர்கள் வரவேண்டிய மாதிரி இடையில் தங்கித் தங்கி வர நேரமில்லாமல், இருவருமாக மேலே வந்தார்கள். சிநேகிதர் தப்பிவிட்டார். அத்தானின் இரத்தத்தில் காற்று குமிழ்களாகி முதுகுத்தண்டைத் தாக்கியது. சிகிச்சையில் உயிர் தங்கியது. கால்கள் முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு பக்கமும் பொல்லை ஊன்றித்தான் பிறகு நடந்தார்.

அக்காதான் சல்லியை விட்டு வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அலைச் சத்தம் கேட்கிற வீட்டில் இனி இருக்க ஏலாது என்றாள். நகரத்துக்கு வந்து ஓர்ஸ் ஹில்லில் ஒரு வாடகை வீடு எடுத்தோம். நான் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்ததால் அவர்களோடேயே தங்கினேன். அந்த வீட்டிலிருந்தும் உள்துறைமுகம் தெரியும். அக்கா அந்தப் பக்கத்து யன்னலுக்குத் தடித்த சீலை தைத்துப் போட்டாள். அத்தான் கதிரையில் இருந்து அந்தச் சீலையையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய கதைபேச்சு குறைந்துகொண்டே போனது. உடற்பயிற்சிக்கு வரச் சொன்னால், "பிறகு பாப்பம்" என்பார். ஒரு தாதியாக அந்தப் 'பிறகு' எனக்குப் பயத்தைத் தந்தது.

தொட்டியைக் கொண்டுவந்தவர் அந்தச் சிநேகிதர். மூடிவிட்ட ஏதோ ஒரு மீன் நிலையத்தில் கிடந்தது என்றார். அதோடு கால் உடைந்த பொம்மை மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவியும் இருந்தது. "ஸ்கிம்மர்" என்றார் அத்தான். மாதக்கணக்கில் நான் கேட்காத ஒரு உசார் அந்தக் குரலில் இருந்தது. நல்ல தண்ணீர்த் தொட்டிக்கு வடிகட்டி போதும், கடல்தண்ணீர்த் தொட்டிக்கு இது வேண்டும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். சின்ன மோட்டர் ஒன்று காற்றையும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சி, நெடிய குழாய் ஒன்றுக்குள் தள்ளும். மீன்களின் கழிவும் தீனியின் மிச்சமும் குமிழ்களில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி, கழுத்தைத் தாண்டிக் கிண்ணத்தில் விழும். அவ்வளவுதான்.

அக்கா அடுப்பை விட்டு வந்து குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "குமிழாலதான் கால் போனது. இனி வீட்டுக்குள்ளயும் குமிழோ?" என்றாள். "நான் அதின்ர பக்கமும் வரமாட்டன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கருவி சொன்னபடி கேட்கவில்லை. பழைய மோட்டர் எரிந்துபோயிருந்தது. வேறொன்றைப் பொருத்தினால் சோறு கொதிக்கிற மாதிரிப் பெரிய பெரிய குமிழ்கள் வந்தன. அவற்றில் எதுவும் ஒட்டாது, நுரையும் ஏறாது. அத்தான் மோட்டரைக் கழற்றி, உள்ளே சுழலும் சில்லின் இதழ்களை அரிந்து எடுத்தார். சட்டி தேய்க்கும் பிளாஸ்டிக் வலையை வட்டமாக வெட்டி, அதைத் தூண்டில் கட்டும் தங்கூசி நூலால் சில்லோடு தைத்தார். மீன்வலையின் கிழிசலைப் பொத்தின கைகள். தையல் ஒரு பக்கம் பாரம் கூடினால் மோட்டர் உதறும், அவிழ்த்துத் திரும்பத் தைப்பார். கடைசியில் ஒரு மாலை குழாய்க்குள் குமிழ்கள் தனித்தனியாகத் தெரியாமல், பால் ஊற்றினாற்போல வெள்ளையாக நிறைந்தன. "பிள்ளை, ஓடி வா!" என்று அவர் கூப்பிட்ட கூச்சலில், விழுந்துவிட்டார் என்று நினைத்து நான் ஓடினேன்.

பிறகு கிண்ணம் நிரம்பி வழிந்து நிலமெல்லாம் ஈரமானது. கருவியை ஓட்டுத்துண்டுகளின் மேல் உயர்த்தி வைத்து அதைச் சரிசெய்தார். காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்க வழி தேடியபோது, திகதி முடிந்து எறிய வைத்திருந்த சேலைன் குழாய் ஒன்றை நான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அதன் சின்னச் சில்லை விரலால் உருட்டிக்கொண்டே, "உங்கட ஆஸ்பத்திரியில எனக்குப் பிடிச்ச ஒரே சாமான் இதுதான்" என்று சிரித்தார். காற்றை உறிஞ்சுகிற சத்தம் அக்காவின் நித்திரையைக் கெடுக்கிறது என்று, குழாய் நுனியில் துளையிட்ட மருந்துக் குளிசைப் போத்தல் ஒன்றை மாட்டினார். வீடு அமைதியானது. சிநேகிதர் சல்லிக் கடலிலிருந்து தண்ணீரும் கல்லும், வெள்ளைப் பட்டி போட்ட செம்மஞ்சள் மீன் சோடி ஒன்றும், அவை ஒளிந்து விளையாட, பூவைப்போல விரியும் கடற்சாமந்தி என்ற உயிர் ஒன்றும் கொண்டுவந்தார். கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுவதற்காக அத்தான் நாளும் எழுந்து நின்றார். உடற்பயிற்சி என்று அதற்கு நான் பெயர் வைக்கவில்லை.

ஆனால் ஒரு கோளாறு மட்டும் தீரவில்லை. காலையில் கழுத்துவரை அழகாக ஏறிநிற்கிற நுரை, மத்தியானம் தாண்டினால் பொத்தென்று விழுந்துவிடும். இரவுக்குள் மெல்ல எழும்பும். மறுநாள் மத்தியானம் திரும்ப விழும். அத்தான் மோட்டரைக் கழற்றிப் பூட்டிக் களைத்துப்போனார்.

இரவு வேலை முடிந்து வந்து நான் படுத்திருந்த ஒரு பகல், தண்ணீர் குடிக்க எழுந்தேன். அத்தான் உள்ளறையில் உறக்கம். வரவேற்பறையில் அக்கா தொட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு ஏறி நின்றாள். முழங்கைவரை தண்ணீருக்குள். விரல் நுனியில் இறால் துணுக்கு. அந்தச் சோடி மீன்கள் அவளுடைய விரல்களுக்கிடையில் புகுந்து புகுந்து வந்தன. "மெல்ல, மெல்ல. அவளுக்கும் விடு" என்று பெரியதைக் கண்டித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை எடுத்துச் சேலையில் துடைத்தாள். "அவரிட்டச் சொல்லிப்போடாத" என்றாள்.

"சொல்லத் தேவையில்ல" என்ற குரல் பின்னால் கேட்டது. அத்தான் பொல்லுகளோடு கதவு நிலையில் சாய்ந்து நின்றார். அவருடைய கண் அக்காவில் இல்லை, அவள் கையில் இருந்தது. அப்போதுதான் கறி தாளித்து முடித்த கை. தேங்காயெண்ணெயின் ஒரு சொட்டுப் போதும், நுரை உடைந்துவிடும். அது அவருக்குத் தெரியும்.

"எவ்வளவு நாளா?" என்றார்.

அக்கா கதிரையிலிருந்து இறங்கினாள். முகம் சிவந்திருந்தது.

"இஞ்ச பாரும், சவர்க்காரம் போட்டும் கழுவக் கூடாது. உப்புத் தண்ணியில நல்லாத் தேய்ச்சுக் கழுவிப்போட்டு வையும். நான் ஒரு வாளி எடுத்து வைச்சுவிடுறன்."

அன்றிலிருந்து தொட்டியடியில் ஒரு வாளி இருந்தது. யன்னல் சீலையையும் அக்காவே ஒருநாள் தோய்க்க எடுத்தாள். காய்ந்த பிறகு மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

பின்னர் மின்வெட்டுக் காலம் வந்தது. மணிக்கணக்கில் கரன்ட் இல்லை. ஸ்கிம்மர் நின்றால் தண்ணீர் கெட ஆரம்பிக்கும், மீன்களுக்கு மூச்சும் முட்டும். நாட்டில் எங்கும் எரிபொருள் இல்லாததால் சிநேகிதரால் புதுக் கடல்தண்ணீரும் கொண்டுவர முடியவில்லை. அக்கா ஒரு செம்பால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே நிற்பாள். அவள் தோள் ஓய்ந்ததும் நான். எனக்குப் பிறகு, ஒரு பொல்லைச் சுவரில் சாத்திவிட்டு அத்தான். ஒருநாள் காலையில் சின்ன மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அத்தான் நெடுநேரம் அதைப் பார்த்தார்.

"காற்றில்லாம இருக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியும்" என்றார். "கொண்டுபோய் விடுவம்."

"நானும் வாறன்" என்றாள் அக்கா.

பக்கத்து வீட்டுக்காரர் அவசரத்துக்கென்று வைத்திருந்த பெற்றோலை ஊற்றித் தன் ஓட்டோவில் எங்களைச் சல்லிக்குக் கொண்டுபோனார். கோயிலுக்கு அப்பால் பாறைகள் இருக்கும் இடத்தில் சிநேகிதர் காத்து நின்றார். மீன்களும் கடற்சாமந்தியும் இருந்த வாளியை நான் எடுத்துக்கொண்டேன். அத்தானின் ஒரு பக்கத்தைச் சிநேகிதர் பிடித்தார். மற்றப் பக்கத்தை அக்கா பிடித்தாள். தண்ணீர் பாதத்தில் பட்டதும் அவள் ஒரு கணம் நின்றதையும் பிறகு சேலையைத் தூக்காமலே நடந்ததையும் பார்த்தேன். இடுப்பளவு வந்ததும் அத்தானின் கால்கள் பாரம் இழந்தன. பொல்லில்லாமல் நிமிர்ந்து நின்றார்.

கடற்சாமந்தியைப் பாறையிடுக்கில் வைத்து வாளியைச் சரித்தோம். இரண்டு மீன்களும் அங்குமிங்கும் தடுமாறின. பிறகு அதற்குள் புகுந்துகொண்டன.

"இனி என்னை விடும்" என்றார் அத்தான்.

"விடமாட்டன்."

"அப்ப நீரும் வாரும்."

சல்லியில் பிறந்தும் நீந்தத் தெரியாத என் அக்கா, கழுத்தளவு தண்ணீர்வரை அவரோடு போனாள். அங்கே அவர் மெல்லப் படுத்து, கைகளை வீசினார். அவளுடைய ஒரு கை அவருடைய முதுகின் கீழ் இருந்தது. சிநேகிதர் முகத்தைக் கழுவுகிறவர் போலத் திரும்பத் திரும்பத் தண்ணீரை அள்ளிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு, போக முடிந்த நாளெல்லாம் அவர்கள் கடலுக்குப் போனார்கள். போன வருடம் அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். ஓர்ஸ் ஹில் வீட்டில் இப்போது நானும் அக்காவும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என்னைச் சல்லிக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். அவளுடைய செருப்பைப் பிடித்துக்கொண்டு நான் மணலில் இருப்பேன். அவள் தனியாக இறங்கி நடப்பாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. நான் எழுந்து நின்று, "அக்கா, காணும், அதுக்கு மேல போகாதேங்கோ, வாங்கோ!" என்று கத்துவேன். அவள் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்திக் காட்டுவாள். பிறகு கால்களை மெல்ல நிலத்திலிருந்து எடுத்து, மல்லாந்து, தண்ணீரின் மேல் படுத்துக்கொள்வாள்.