கடைப் பொட்டலம்

கிருமி முளைக்காத தட்டைப் பார்த்தால் ரச்சனிக்குப் பற்றிக்கொண்டு வரும். மேகோங் ஆற்றோர மாவட்ட மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக, நோயாளியின் சீழைத் தட்டில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. முதுகெலும்பில் சீழ் கோத்து வருகிறவருக்கு, கிருமி இன்னதென்று அவள் சொன்னால்தான் டாக்டர் சரியான மருந்து எழுத முடியும்.

வயல்காரர் கம்சிங்குக்கு எதையும் பார்க்காமலே காசநோய் மாத்திரை கொடுத்து மூன்று மாதம் ஓட்டியிருந்தார்கள். கால் மரத்துக்கொண்டே வந்தது. இப்படியே போனால் நடை கிடையாது என்றார் டாக்டர். முதுகெலும்பில் ஊசி விட்டு எடுத்த சீழை ரச்சனி தட்டில் இட்டாள். ஐந்து நாளாகியும் ஒன்றுமில்லை.

“அண்ணே, வேற மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“சத்தியமா இல்லை டாக்டரம்மா.”

“கடைப் பொட்டலம்?”

“அது மருந்தா? உடம்பு வலிக்கு ஊரே போடுறதுதானே!”

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மளிகைக் கடையில் சோப்புக்குப் பக்கத்தில் தொங்கும், பெயரில்லாத நாலு நிற மாத்திரைகள். கிருமியை ஒழிக்கவும் செய்யாது, தட்டில் முளைக்கவும் விடாது.

டாக்டரிடம் மன்றாடி, எல்லா மாத்திரையையும் நிறுத்தவைத்து, பத்து நாள் வார்டில் படுக்கவைத்து மறுபடி ஊசி விட்டுச் சீழ் எடுக்கவைத்தாள். கம்சிங் வலியில் அவளைத் திட்டாத திட்டில்லை. நாலாம் நாள் தட்டில் சுருக்கம் விழுந்த புள்ளிகள். சேற்றில் வாழ்ந்து வெறுங்கால் புண் வழியே ஏறும் கிருமி; நோய்க்குப் பெயர் மெலியாய்டோசிஸ். காசநோய் மாத்திரையெல்லாம் அதற்கு வெல்லக்கட்டி மாதிரி. ஆறு வாரம் ஊசி, அப்புறம் ஐந்து மாதம் மாத்திரை. ஊசி முடிந்து அவர் தன் காலில் நடந்து போனபோது ரச்சனிக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி புவாலா ஒட்டரிசிக் கூடையோடு வந்தாள்.

“உங்களுக்கும் இடுப்பு வலியாமே, நர்ஸு சொன்னாங்க. இதைப் போடுங்க.” மேசையில் ஒரு பொட்டலத்தை வைத்தாள். “எங்க வீட்டுக்காரரை எழுப்பி நடக்க வெச்சது இதுதானே! ஆஸ்பத்திரி மாத்திரை குமட்டுதுன்னார். நிறுத்திட்டேன்.”

“எப்போக்கா நிறுத்தினீங்க?”

“ஒரு மாசம் இருக்கும். நேத்துதான் லேசா கால் மரக்குதுன்னார். ரெண்டு பொட்டலம் சேத்துக் குடுத்திருக்கேன்.”

“இப்ப எங்க இருக்கார்?”

“நடவுல.”

“வெறுங்காலோடயா?”

“சேத்துல எவனாவது செருப்பு போடுவானா?”

ரச்சனி வெள்ளை மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு பைக் சாவியை எடுத்தாள். ஆத்திரத்தில் கண்ணீர் முட்டியது.

“வாங்க, வண்டியில ஏறுங்க. இப்பவே அவரைக் கூட்டிட்டு வரணும்.”

வாசல் வரை வந்த புவாலா திரும்பி மேசைக்கு ஓடினாள்.

“டாக்டரம்மா, பொட்டலத்தை மறந்துட்டீங்களே!”