நான்கு சுவிட்சுகளும் ஒரு கேள்வியும்

காருக்குள் இருக்கிற பிளாஸ்டிக்கை வெட்டுவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை என்று சொன்னால் கூடப் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். டிப்ளமோ முடித்துவிட்டு இதற்கா போகிறாய் என்கிறார்கள். அவர்களில் ஒருவரை அழைத்துவந்து, ஒரு புது வண்டியின் பேனலைக் கையில் கொடுத்து, நான்கு சுவிட்சுக்கு ஓட்டை போடு என்று சொல்லிப் பார்க்க வேண்டும். அந்தப் பிளாஸ்டிக்கின் முகப்பில் தோல் மாதிரி நுண்ணிய சொரசொரப்பு இருக்கும். பிளேடு ஒரு தரம் வழுக்கினால் அந்தக் கீறலை எதைப் போட்டும் மறைக்க முடியாது. ட்ரில்லை வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். கோட்டுக்கு ஒரு மில்லி உள்ளே வெட்டி, மிச்சத்தை அரத்தால் தேய்த்துத் தேய்த்து எடுக்க வேண்டும். சுவிட்சை அழுத்தினால் டக்கென்று உட்கார வேண்டும். ஆட்டினால் ஆடக் கூடாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறார்கள். அப்பா இன்றைக்கும் கைநாட்டுதான். எதையாவது படிக்கச் சொல்லி யாராவது நீட்டினால், "கண்ணாடி எடுத்தாரலீங்க" என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது.

நாமக்கல்லில் நான் வேலை செய்யும் கடை காருக்கு ஒயரிங், விளக்கு, ஹாரன் எல்லாம் மாட்டும் கடை. மூன்று பேர் இருந்தோம். கடைக்கார அண்ணன், இருபது வருடமாக அங்கேயே இருக்கும் ஃபிட்டர் அண்ணன், ஒரே பெண்ணாக நான். சேர்ந்த நாளிலிருந்து அளவு எடுப்பதும் கோடு போடுவதும் என் வேலை, வெட்டுவது ஃபிட்டர் அண்ணன் வேலை. "நீ படிச்ச புள்ள, நீ அளந்து குடு, அவன் வெட்டட்டும்" என்பார் கடைக்காரர். கேட்க மரியாதை மாதிரி இருக்கும். எட்டு மாதம் கேட்டபிறகுதான் அது என்னை வெட்ட விடாத வேலி என்று புரிந்தது. பழைய வண்டிகளின் கழித்துப்போட்ட பேனல்களை மதிய நேரத்தில் எடுத்து வெட்டி வெட்டிப் பழகினேன். ஃபிட்டர் அண்ணன் ஒரு நாள் அதில் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "என்னைய விட நல்லா வருதே புள்ள" என்று கடைக்காரருக்குக் கேட்கும்படிச் சொன்னார். அடுத்து வருகிற புது வண்டியை நீயே வெட்டு என்று கடைக்காரர் ஒத்துக்கொண்டார்.

அந்தப் புது வண்டி ஒரு புதன்கிழமை வந்தது. ஓட்டி வந்தது கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். கோயிலில் பூஜை போட்ட கையோடு வந்திருந்தார், பானட்டில் சந்தனம் காயவில்லை. பண்ணைக்குப் போகும் மண்பாதையில் தெருவிளக்கு இல்லை, ஒற்றை ஆளாக இருட்டில் ஓட்டிப் போக வேண்டும், அதனால் பனிவிளக்கு, பக்கவாட்டு விளக்கு, கூடுதல் ஹாரன், உள் விளக்கு என்று நான்கு வேண்டும் என்றார். தனியாகப் பண்ணை நடத்துகிறவர், தானே கார் ஓட்டுகிறவர். எனக்கு அவரைப் பார்த்தவுடனே பிடித்துப்போனது. இதை எழுதும்போது அதற்கும் சேர்த்து எரிச்சல் வருகிறது.

ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம், கீழே, ஒன்றும் இல்லாத ஒரு பேனல் இருக்கும். அதைக் கிளிப் உடையாமல் கழற்றினேன். அதன் பின்பக்கத்தில் விலா எலும்பு மாதிரிப் பட்டைகள் ஓடும். சுவிட்சுகள் அந்தப் பட்டைகளுக்கு நடுவே விழ வேண்டும். அதனால் பின்பக்கத்தில் பேப்பரை ஒட்டி, பட்டைகளைப் பென்சிலால் தேய்த்து எடுத்து, நான்கு கட்டங்கள் வரைந்தேன். பேப்பரின் மேலே "பின்பக்கம்" என்று பெரிதாக எழுதினேன். அந்தப் பக்கத்திலிருந்து சின்னத் துளைகள் போட்டு, பிறகு திருப்பி, முகப்பிலிருந்து வெட்டுவதுதான் என் திட்டம்.

ட்ரில்லைக் கையில் எடுத்தபோது அந்தம்மா கடைக்காரரிடம் குனிந்து கேட்டார். மெல்லக் கேட்பதாக அவருக்கு நினைப்பு.

"ஏனுங்க, இந்தப் புள்ளயா வெட்டப்போகுது? சுத்தபத்தமா இருக்குதுங்களா? கோயில்ல இருந்து நேரா வந்த வண்டிங்க."

கடைக்காரர் சிரித்து மழுப்பியிருக்கலாம். என் பக்கத்தில் வந்தார், தலையைச் சொரிந்தார்.

"ஏம் புள்ள, இன்னைக்கு… ஊட்டுக்குத் தூரமெல்லாம் இல்லையே?"

இல்லை. உண்மையிலேயே அன்றைக்கு மாதவிலக்கு இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் ட்ரில் என் கையிலேயே இருந்திருக்கும். எட்டு மாதம் காத்திருந்த வேலை. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால் அடுத்த வண்டிக்கும் சொல்ல வேண்டும், அதற்கடுத்த வண்டிக்கும் சொல்ல வேண்டும். ட்ரில்லை மேஜைமேல் வைத்தேன். ஒன்றும் பேசவில்லை.

பேசாததையே பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

"பன்னெண்டுக்கு ராகு காலம் வந்துருமுங்க. அதுக்கு முன்ன கை வெச்சிருங்க" என்றார் அந்தம்மா. கடைக்காரர் ஃபிட்டர் அண்ணனைக் கூப்பிட்டார். மணி பதினொன்றரை.

ஃபிட்டர் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் வந்தார். முகப்பில் மாஸ்கிங் டேப்பை ஒட்டினார். பிறகு பின்பக்கத்திலிருந்த என் பேப்பரை உரித்து, அப்படியே கொண்டுவந்து முகப்பில் ஒட்டினார். பின்னாலிருந்து எடுத்த படத்தை முன்னால் அப்படியே ஒட்டினால் வலது இடதாகிவிடும். கட்டங்கள் பட்டைகளின் மேலேயும் பேனலின் ஓர வளைவின் மேலேயும் போய் உட்காரும். "பின்பக்கம்" என்ற எழுத்து முகப்பில் நின்று என்னைப் பார்த்தது.

அவருக்குப் படிக்கத் தெரியாது. கடைக்காரருக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். பெட்டிகளில் இருக்கும் குறிப்பை அவர் எப்போதும் என்னிடம் நீட்டி, "கண்ணாடி இல்ல, என்னனு சொல்லு" என்பார். அந்தப் பேச்சை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன்.

முதல் துளைக்கு முன்னால் சொல்லியிருக்கலாம். "அண்ணா, திருப்பிப் போடுங்க." அவ்வளவுதான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெட்டட்டும், நாசமாகட்டும், சுத்தமான கையால் வெட்டின லட்சணத்தை அந்தம்மா பார்க்கட்டும் என்று நின்றேன். இருபது நிமிடம். கறுப்புத் தூள் அவர் முழங்கையில் ஒட்டிக்கொண்டே போனது. நான்கு ஓட்டையையும் நேராக, அழகாக, தப்பான இடத்தில் வெட்டினார்.

சுவிட்சைப் பொருத்தும்போது முதலாவது வளைவில் கோணிக்கொண்டு நின்றது. இரண்டாவதும் மூன்றாவதும் பட்டையில் முட்டி உள்ளே போகவில்லை. கடைக்காரர் பேனலைப் பிடுங்கிப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார்.

"பின்பக்கம்னு இத்தாச்சோட்டுப் பெருசா எழுதியிருக்குது. கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

"கண்ணாடி கொண்டாரலீங்க."

"நீ என்னைக்குக் கண்ணாடி போட்டே? துரைக்குக் கண்ணாடி வேணுமாம்!"

அந்தம்மா சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் வந்த ஒரு சின்னச் சிரிப்பு. நான் பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது விண்ணப்பத்தை அப்பாவிடம் நீட்டிய ஒருவர் இப்படித்தான் சிரித்தார். அன்றைக்கு அவரை அடிக்கக் கை பரபரத்தது. இன்றைக்கு இந்தச் சிரிப்புக்கு வழி செய்து கொடுத்ததே நான்தான்.

"அவரு மேல தப்பில்லீங்க" என்றேன். "மாத்தி ஒட்டுனத நான் பாத்தேன். பாத்துட்டே சொல்லாம நின்னேன்."

"ஏஞ் சொல்லல?" என்றார் அந்தம்மா.

"நான் சுத்தமா இருக்கறனான்னு கேட்டீங்கல்லீங்க. அதுக்கப்புறம் வாய் வரலீங்க."

கடைக்காரர் முகம் செத்துப்போனது. "பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா இது? நீ கெளம்பு. நாளைக்கு வா, பேசிக்கலாம்." அந்தப் 'பேசிக்கலாம்' என்ன என்று எனக்குத் தெரியும். போன வருடம் ஒருவரை இதே வார்த்தை சொல்லித்தான் நிறுத்தினார்.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஃபிட்டர் அண்ணன் டீக்கடையில் நின்றிருந்தார். சேலத்திலிருந்து புதுப் பேனல் வந்துவிட்டது என்றார். பிறகு டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கோவம் அந்தம்மா மேல. அத என்ற கைய வெச்சு ஏன் புள்ள தீத்துக்கிட்ட?"

"தப்புதாங்கண்ணா."

"தப்புதான்" என்றார். சமாதானமாக எதுவும் சொல்லவில்லை. டீ வாங்கித் தரவும் இல்லை.

கடையில் கடைக்காரர் பேனலை மேஜையில் வைத்துவிட்டு ஃபிட்டர் அண்ணனைப் பார்த்தார். "நீயே வெட்டிரு."

"நான் தொடலீங்க" என்றார் அவர். "எழுத்துப் பாத்து வெட்டற வேலை எனக்கு ஆவாது. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க." இருபது வருடம் சொல்லாததை, ஸ்பேனர் எங்கே என்று கேட்பது மாதிரிச் சொல்லிவிட்டு ஒயர் சுருளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கடைக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"செரி, நீ வெட்டு சாமி. பதினொன்னுக்கு அந்தம்மா வந்துரும். ஏதாச்சும் கேட்டா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ. கொறஞ்சா போயிருவ?"

"சொல்ல மாட்டேங்கண்ணா. நீங்களும் இனிமே என்கிட்ட அதக் கேக்கக் கூடாது. ஒத்துக்கிட்டா வெட்டறேன். இல்லைன்னா இப்பவே வீட்டுக்குப் போறேன்."

உள்ளுக்குள் பயம்தான். இந்த வேலை போனால் தறிக்குத்தான் போக வேண்டும்.

"ரோசத்துக்கு ஒண்ணும் கொறச்சலில்ல" என்று முனகினார். நான் பையைக் கீழே வைக்காமல் நின்றேன். "கேக்கல. அந்தம்மா கேட்டா நான் பாத்துக்கறேன். வெட்டு."

வெட்டினேன். பின்பக்கத்திலிருந்து துளை போட்டு, திருப்பி, கோட்டுக்கு ஒரு மில்லி உள்ளே. அடிவயிறு இழுத்துப் பிடித்தது. இடுப்பு வலியில் இரண்டு முறை நிமிர்ந்து மூச்சு விட்டேன். அன்று காலையில்தான் எனக்கு வந்திருந்தது.

அந்தம்மா வந்து உட்கார்ந்து நான்கு சுவிட்சையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். டக், டக், டக், டக். விளக்குகள் எரிந்தன. ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "கம்பெனிலயே வந்த மாதிரி இருக்குதுங்க" என்றார் கடைக்காரரிடம். என்னைப் பார்க்கவில்லை. வெட்டியது யார் என்றும் கேட்கவில்லை. கேட்டால் வரும் பதில் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லிவிடலாமா என்று நாக்கின் நுனி வரை வந்தது. இந்தக் கையால்தான் அம்மா, இன்றைக்குத்தான் அம்மா என்று. அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க அவ்வளவு ஆசை. ஆனால் நேற்றுச் சொல்ல மறுத்ததை இன்று நானாகப் போய்ச் சொன்னால், அவர் கேட்டது நியாயம் என்று ஆகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு, காரின் மிதியடியில் சிந்தியிருந்த கறுப்புத் தூளை பிரஷ்ஷால் கூட்டி எடுத்து, கதவைச் சாத்தினேன். கொஞ்சம் பலமாகவே சாத்தினேன். புது வண்டிக் கதவு, மெத்தென்று மூடிக்கொண்டது. அதுவும் ஆத்திரமாக இருந்தது.