தொட்டியில் குமிழி இல்லை

இதைப் படித்துவிட்டுக் கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நானும் அப்படி நினைக்கிற ஆள்தான். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வர வேண்டும், கரண்ட் போயிருக்க வேண்டும், எங்காவது நாய் ஊளையிட வேண்டும் என்றுதான் எனக்கும் கணக்கு. இது அப்படி வரவில்லை. பட்டப்பகலில், ஜன்னல் வழியாக வெயில் உள்ளே அடித்துக்கொண்டிருக்கும்போது, சரியாகப் பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வந்தது. நடந்தது என் அக்கா வீட்டில். அனுபவித்தவர் என் அத்தான். அவர் வாயால் சொன்னதையும், கடைசியில் நானே கண்ணால் பார்த்ததையும் மட்டும்தான் எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை.

அத்தானுக்கு வீட்டிலிருந்தே வேலை. கட்டப்போகும் வீடுகளைக் கம்ப்யூட்டரில் முழுசாக வரைந்து காட்டுவார். எதையும் அளந்து செய்கிற மனிதர். பொத்தான் தைக்க நூலையும் ஸ்கேல் வைத்து வெட்டுவார் என்று அக்கா கிண்டல் செய்வாள். அவர் வேலை செய்யும் அறைக்கு அடுத்த அறையில் எங்கள் அப்பா படுத்திருந்தார். நடுவில் மெல்லிய பலகைச் சுவர்.

அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டர், வெளிர் மஞ்சளாக. அந்தப் பாட்டிலை மேசையில் பார்த்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. நாலு மாதமாக அவரைத் தூக்கி, துடைத்து, ஊட்டிப் பார்த்துக்கொண்டவள் அக்கா. அவள் பாதியாக இளைத்துப்போனாள்.

அத்தானின் கம்ப்யூட்டர் வேறு சும்மா இருக்காது. வரைபடம் பெரிதானால் அதற்குள் இருக்கும் ஆறு ஃபேனும் சேர்ந்து இரையும். அப்பா மருமகனிடம் குறை சொல்லமாட்டார். ஒருநாள் மட்டும், "மாப்ளே, உங்க மிஷினுக்கும் என்னை மாதிரி மூச்சு வாங்குது போல" என்றார்.

அத்தானுக்குச் சுருக்கென்றது. அன்றே முடிவு செய்துவிட்டார். ஃபேனைக் குறைத்துவிட்டுத் தண்ணீரால் குளிர வைப்பது. ஒரு சின்ன பம்ப், ஒரு கண்ணாடித் தொட்டி, சூடாகும் சிப்பின் மேல் உட்காரும் செம்புக் கட்டி, சூட்டை வெளியே விட ஒரு ரேடியேட்டர். எல்லாவற்றையும் குழாயால் சுற்றி இணைக்க வேண்டும். தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும், சத்தமே இருக்காது. இரண்டு வாரம் குழாயைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டே இருந்தார்.

"கம்ப்யூட்டருக்கு பாத்ரூம் ஃபிட்டிங்கா அத்தான்?" என்றேன்.

"சிரி மச்சான், சிரி. மாமா நிம்மதியா தூங்கணும். அதான்" என்றார்.

தண்ணீர் நிரப்பிய நாள் ஒரு வியாழக்கிழமை. அக்கா மூன்று ஐந்துக்குச் செருப்பை மாட்டிக்கொண்டே அத்தானின் அறையை எட்டிப் பார்த்தாள்.

"மருந்துக்கடைக்குப் போயிட்டு வந்துடறேன். அப்பா தூங்குறார். ஒரு காது அந்தப் பக்கம் வச்சுக்கோங்க."

"சரி, போயிட்டு வா."

அத்தான் சரியாகத் தொள்ளாயிரம் மில்லி டிஸ்டில்ட் வாட்டரை அளந்து ஊற்றினார். சாயம் எதுவும் கலக்கவில்லை. ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே டிஷ்யூ பேப்பர் வைத்தார். ஒழுகினால் பேப்பர் நனைந்து காட்டிக்கொடுக்கும். மற்ற எதற்கும் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட விட்டார்.

புதிதாகத் தண்ணீர் ஊற்றினால் குழாயில் காற்று மாட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரம் களகளவென்று கேட்கும். பெட்டியை அப்படியும் இப்படியும் சாய்த்தால் குமிழிகள் தொட்டிக்கு ஏறி வெளியே போய்விடும். இது வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

மூன்று நாற்பதுக்குச் சத்தம் வந்தது.

க்ளக்... க்ளக்... கொர்ர்ர்...

அத்தான் பெட்டியை வலப்பக்கம் சாய்த்தார். சத்தம் இழுத்துக்கொண்டு கேட்டது. இடப்பக்கம் சாய்த்தார். விட்டு விட்டுக் கேட்டது. சரிதான், காற்று நகர்கிறது என்று விசில் அடித்துக்கொண்டே ஆட்டிக்கொண்டிருந்தார். மூன்று ஐம்பத்திரண்டுக்குச் சத்தம் பட்டென்று நின்றது. சந்தோஷத்தில் எனக்குப் போனில் ஒரு செய்தி அனுப்பினார். 'சத்தம் நின்னுடுச்சு மச்சான். இனிமே மாமா நிம்மதியா தூங்குவார்.' நான் கைதட்டும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டேன்.

நாலரைக்கு அக்கா திரும்பி வந்து அப்பா அறையைத் திறந்தாள். அவள் போட்ட அலறலில் எதிர்வீட்டுக்காரர்களே ஓடி வந்துவிட்டார்கள்.

அத்தான் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அப்பாவின் வாயோரம் நுரை காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குத் தாம் கேட்டது என்ன சத்தம் என்று புரிந்துவிட்டது. குழாயில் இருந்த காற்று அல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் பன்னிரண்டு நிமிஷம் மூச்சுக்குத் திணறியிருக்கிறார். இவர் இந்தப் பக்கம் விசில் அடித்திருக்கிறார். உள்ளே போய் அவரைத் தொட அத்தானுக்குக் கை வரவில்லை. டாக்டரிடம் பேசியது, கையெழுத்துப் போட்டது எல்லாம் அக்காதான்.

மறுநாள் அக்கா கேட்டாள். "ஏங்க... ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"இல்ல."

ஒரு வாரம் கழித்துக் கேட்டாள். பத்து நாள் கழித்து மறுபடியும் கேட்டாள். "நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒரு இருமல்கூடவா கேக்கல?"

"ஒண்ணுமே கேக்கலம்மா."

அவள் முகம் வாடிப்போனது. சந்தேகப்படுகிறாள் என்று அத்தான் நினைத்தார். உண்மையைச் சொன்னால் இந்த ஜென்மத்தில் தன்னோடு பேசமாட்டாள் என்று பயந்தார். தின்னவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை.

காரியம் எல்லாம் முடிந்து, பதினேழாம் நாள் வேலைக்கு உட்கார்ந்தார். மிஷின் பூனை மாதிரிச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வீடே அமைதி.

மூன்று நாற்பது.

க்ளக்... க்ளக்... கொர்ர்ர்...

அவருக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. ஆனாலும் தொழில் புத்தி போகுமா? டார்ச் அடித்துத் தொட்டியைப் பார்த்தார். ஒரு குமிழிகூட இல்லை. பம்பின் மேல் விரல் வைத்தார். வழக்கமான சின்ன அதிர்வுதான். குழாய் முழுக்கத் தண்ணீர். எங்கேயும் காற்று இல்லை.

சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்தார். திரை இருண்டது. பம்ப் நின்றது.

கொர்ர்ர்... க்ளக்...

பிளக்கைப் பிடுங்கினார்.

கொர்ர்ர்...

மூன்று ஐம்பத்திரண்டுக்கு நின்றது.

மறுநாளும் அதே நேரம், அதே பன்னிரண்டு நிமிஷம். மூன்றாம் நாள் பயம் தாங்காமல் எழுந்து ஓடியவர், ஏனோ வாசலுக்குப் போகாமல் அப்பாவின் அறைக்குள் போய்விட்டார். சத்தம் நின்றது. தன் அறைக்குத் திரும்பினார். தொடங்கியது. மறுபடி போய் அப்பாவின் காலிக் கட்டிலில் உட்கார்ந்தார்.

அமைதி.

அன்றிலிருந்து தினமும் அதுதான் வழக்கமானது. மூன்று முப்பத்தொன்பதுக்கு வேலையை விட்டுவிட்டுப் போய், மூன்று ஐம்பத்திரண்டு வரை வெறும் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அக்கா பார்த்துவிட்டாள். அருகில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்தாள்.

"நீங்களாவது அவர்கிட்ட வந்து உக்காருறீங்க" என்றாள்.

அந்த நிமிஷம் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்ததாம் அவருக்கு.

அடுத்து அவர் கவனித்தது தொட்டியில் தண்ணீரின் மட்டம். இந்த ஏற்பாட்டில் தண்ணீர் குறையலாம், கூட வழியே இல்லை. மூடி இறுக்கி, எல்லா வாயும் அடைத்தது. மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்தார். மறுநாள் தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது. அதற்கு மறுநாள் இன்னும் மேலே. தொட்டியின் மூடியை முட்டியது.

நிறமும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் வெயில்தான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தாராம்.

ஒரு ஞாயிறு காலை எனக்குப் போன் வந்தது. "மச்சான், தண்ணிய இறக்கணும். தனியா செய்ய முடியல. வர்றியா?"

போனேன். முந்தைய நாளே அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார். வடிகுழாயைத் திறந்து, அளவு போட்ட பெரிய பாட்டிலைப் பிடித்தார்.

தொள்ளாயிரம் வந்தது. நிற்கவில்லை.

ஆயிரத்து இருநூறு.

ஆயிரத்து ஐந்நூறு...

ஆயிரத்து அறுநூற்று ஐம்பதில் கடைசிச் சொட்டு விழுந்தது.

ஊற்றியதைவிட முக்கால் லிட்டர் அதிகம்.

வெளிர் மஞ்சள்.

பாட்டிலை நான் கையில் வாங்கினேன். வெதுவெதுப்பாக இருந்தது.

அக்கா டீயோடு உள்ளே வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். தட்டை அப்படியே கீழே வைத்தாள். நாலு மாதம் அதைச் சுமந்தவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இது... எங்கேருந்து வந்துச்சு?"

அத்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். சின்னப் பையன் மாதிரி அழுதார். எல்லாவற்றையும் கொட்டினார். சாய்த்தது, விசில் அடித்தது, எனக்கு அனுப்பிய செய்தி, மூன்று தடவை சொன்ன பொய், எல்லாம். எனக்கு அந்தக் கைதட்டும் படம் ஞாபகம் வந்தது.

அக்கா திட்டவில்லை. அழவுமில்லை. உள்ளே போய் அலமாரித் துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பொருளை எடுத்து வந்தாள். அப்பாவின் விரலில் எப்போதும் மாட்டியிருக்கும் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் கருவி. அதில் அளவுகள் நேரத்தோடு பதிவாகும். கடைசி அளவைக் காட்டினாள்.

மதியம் இரண்டு பதினேழு.

"டாக்டரும் சொன்னார். நான் வந்து பாக்கும்போது போய் ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்குமாம். கையெல்லாம் விறைச்சிருந்துச்சு." அவள் கருவியைக் கீழே வைத்தாள். "ரெண்டு மணிக்கு இருமிட்டே கூப்பிட்டார். எனக்குக் கண்ணே தெறக்க முடியல. 'அரை மணி நேரம் சும்மா இருங்கப்பா'ன்னு கதவைச் சாத்திட்டுப் படுத்துட்டேன். கடைக்குக் கெளம்பும்போது கதவைத் திறந்துகூடப் பாக்கல. தூங்குறார்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"அதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். நீங்க ஒரே ஒரு தடவை 'சத்தம் கேட்டுச்சு'ன்னு சொல்லியிருந்தா... நான் போகும்போது அப்பா உயிரோட இருந்தார்னு நெனச்சுட்டு இருந்திருப்பேன்."

"கேட்டுச்சு," என்றார் அத்தான். "சத்தியமா கேட்டுச்சு."

"அப்போ அது யாரு?"

பிற்பகலில் மூவரும் அப்பாவின் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்தோம். மூன்று நாற்பது வந்தது, போனது. எந்தச் சத்தமும் இல்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை. தண்ணீரை நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன். அத்தான் பழையபடி ஃபேனுக்கே மாறிவிட்டார். அந்த அறைக் கதவை இப்போது யாரும் சாத்துவதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியே இருக்கமாட்டேன்.

விரல் கருவியைக் கண்ணில் படாமல் வைக்கச் சொல்லி அக்கா என்னிடம் கொடுத்திருந்தாள். போன மாதம் பேட்டரியைக் கழற்றி வைக்கலாம் என்று எடுத்தேன். பொத்தானில் கை பட்டு, பதிவுகள் ஓட ஆரம்பித்தன. இரண்டு பதினேழுக்கு அடுத்து எண் இல்லாத வெறும் கோடு வந்ததுமே அக்கா அணைத்துவிட்டிருக்கிறாள். அதற்கடுத்து வரிசையாக வெறும் கோடுகள். கோடு... கோடு... கோடு...

பிறகு, மூன்று நாற்பதில் ஓர் எண்.

98.

அந்த நாலு மாதத்தில் அப்பாவுக்கு ஒருநாளும் தொண்ணூறைத் தாண்டியதில்லை.

மூன்று நாற்பத்தொன்று. 98. மூன்று நாற்பத்திரண்டு. 98. நிமிஷத்துக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கடைசி எண்ணின் நேரம் மூன்று ஐம்பத்திரண்டு.

கதவு சாத்தியிருந்தது. விறைத்துப்போன விரல். அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர் பெட்டியைச் சாய்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

இருவரிடமும் நான் சொல்லவில்லை. இரண்டு பதினேழு உண்மையென்றால் அது அக்காவைக் கொல்லும். மூன்று ஐம்பத்திரண்டு உண்மையென்றால் அத்தானைக் கொல்லும். அழிக்கும் பொத்தானை நானே அழுத்திவிட்டேன். அவர்கள் இருவரும் பேய்க் கதை படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நேற்றுப் பிற்பகல் என் வீட்டுச் சமையலறைக் குழாயில் காற்று மாட்டிய மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நான் மணி பார்க்கவில்லை.