சுவர் என் கையைப் பிடித்தது

இது நடந்து ரெண்டு வருசம் ஆகப்போகிறது. திருமங்கலத்துக்கும் கப்பலூருக்கும் நடுவில், நாலு வழிச் சாலையை விட்டு உள்ளே தள்ளி, கருவேலங்காட்டை ஒட்டி என் வீடு. ஐப்பசி மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை, உச்சி வேளை. பேய் பிசாசு என்றால் எல்லாரும் ராத்திரியைத்தான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் உச்சி வேளைக்குத்தான் பயம். நடுப்பகலில் ஒரு காக்கா சத்தம்கூட இல்லாமல் ஊர் அடங்கிப்போகும் பாருங்கள், அப்போதுதான் எதுவும் நடமாடும் என்பார்கள்.

முதலில் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். அது நான் கட்டினது. வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு கப்பலூரில் ஒரு கம்பெனியில் சாக்கு தைக்கிற வேலைக்குப் போய், சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டினேன். பட்டா என் பேரில், மீட்டர் என் பேரில். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அந்த மீட்டருக்கு எழுதிக் கொடுக்கும்போது கைநாட்டு வைக்கவில்லை, கையெழுத்துதான் போட்டேன். எங்க அப்பா காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலி, அடுத்தவர் இடத்தில் குடிசை. அதைப் பார்த்து வளர்ந்ததால் யார் வாசலிலும் போய் நின்று ஒன்று கேட்கக்கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம். மகன் திருப்பூரில் இருக்கிறான். அவனிடம்கூடக் கேட்டதில்லை.

வீட்டில் ரெண்டு பல்பு, ஒரு காத்தாடி, ஒரு டிவி, மிக்சி. இம்புட்டுத்தான். கொஞ்சமாக எரிக்கிற வீட்டுக்குக் காசு கிடையாது என்பதால் எனக்கு எப்பவும் பில் சைபர். ரீடிங் எடுக்க வருகிற பெண் மீட்டரைப் பார்த்துவிட்டு, "ஆத்தாவுக்கு சைபர்" என்பாள். "கொஞ்சம் சத்தமாச் சொல்லு தாயி, தெருவுக்குக் கேக்கட்டும்" என்பேன் நான்.

அந்த வருசம் கோடையில் சைபர் போய்விட்டது. முதல் தடவை கொஞ்சம் வந்தது. அடுத்த தடவை அதைவிட அதிகம். அந்தப் பெண்ணே சந்தேகமாகப் பார்த்து, "ஏசி எதுவும் மாட்டியிருக்கியா ஆத்தா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "காத்தாடிக்கே நான் கணக்குப் பாக்குறவ, ஏசிக்கு எங்கடி போவேன்?" என்றேன். ஆபீசில் போய் எழுதிக் கொடு, வந்து பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். எவனிடமோ போய்க் கெஞ்சிக்கொண்டு நிற்க எனக்கு மனசு வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரி மேல்தான் சந்தேகப்பட்டேன். என்னைவிட வயதில் சின்னவள். எங்கள் ரெண்டு பேருக்கும் வேலித் தகராறு ரொம்ப நாளாக உண்டு. என் லைனில் கொக்கி போட்டு கரண்ட் எடுக்கிறாள் என்று தெருக் குழாயடியில் வைத்து நாலு பேர் கேட்கச் சொன்னேன். அவள் மண்ணை வாரித் தூற்றினாள். அன்றோடு பேச்சு நின்றது.

ஒருநாள் மத்தியானம் ஒரு சுவிட்ச் விடாமல் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் போய் நின்றேன். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு லைட்டு உண்டு. கரண்ட் ஓடினால் சிமிட்டும், ஓடாவிட்டால் சும்மா இருக்கும். வீடு கம்மென்று கிடந்தது. அந்த லைட்டு சிமிட்டியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சிமிட்டியது. ஆள் இல்லாத வீட்டுக்குள்ளிருந்து ஒருத்தர் கண் அடிக்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பிடரி மயிர் சிலிர்த்துக்கொண்டது.

இங்கே என் மகளைப் பற்றிச் சொல்லணும். மகனுக்கு மூத்தவள். பாவாடை சட்டை போடுகிற வயதில் மஞ்சக்காமாலையில் போய்விட்டாள். கல்யாணம் ஆகாமல் போகிற பெண் பிள்ளை எங்களுக்கு வீட்டுக் கன்னி, சாமி. குளியலறையை ஒட்டின உள்சுவரில் மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்து, கீழே ஒரு தகரப் பெட்டியில் புதுப் பாவாடை வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றி, ஈரச் சேலையோடு, வெறுங்காலில் நின்று அந்தப் பொட்டைத் தொட்டுக் கும்பிட வேண்டும். அதுதான் முறை. சித்திரை மாசத்தில் வருசப் பூசை. அந்த வருசம் மாலை கொஞ்சம் பெரிசாக வாங்கிவிட்டேன். நூலில் கட்டினால் தாங்காது என்று பொட்டுக்கு மேலே நானே ஆணி அடித்து மாட்டினேன்.

மீட்டர் லைட்டு சிமிட்டினதைப் பார்த்ததற்கு அப்புறம் வந்த ஒரு வெள்ளிக்கிழமை. பொட்டில் கை வைத்தேன். சுவர் என் விரலைப் பிடித்தது.

பொய் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை விரலைப் பிடித்து லேசாக உதறுகிற மாதிரி ஒரு விறுவிறுப்பு. முழங்கை வரைக்கும் ஏறி நின்றது. கையை எடுத்தேன், போய்விட்டது. மறுபடி வைத்தேன், வந்தது. நான் அப்படியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். எத்தனை வருசம் கழித்து வந்திருக்கிறாள்!

அன்றைக்குத்தான் அந்தச் சிவப்பு லைட்டுக்கும் எனக்கு அர்த்தம் புரிந்தது என்று நினைத்தேன். அவள் இருட்டுக்குப் பயப்படுவாள். அவள் இருந்த காலத்தில் எங்கள் குடிசையில் கரண்ட் கிடையாது, சிம்னி விளக்குதான். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டால் அதுவும் இல்லை. இருட்டு விழுந்ததும் ஆட்டுக்குட்டியைத் தூக்கி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டுதான் படுப்பாள். உசுரோடு இருக்கையில் ஒரு பல்பு வெளிச்சம் கொடுக்க என்னால் ஏலவில்லை. இப்போது வந்து எடுத்துக்கொள்கிறாள், எடுத்துக்கொள்ளட்டும். அம்புட்டுத்தான், அதற்குப் பிறகு பில் எவ்வளவு வந்தாலும் வாய் திறக்காமல் கட்டினேன். டிவியை விற்றேன். காத்தாடியை நிறுத்தி விசிறி எடுத்தேன். ரீடிங் எடுக்கிற பெண், "இன்னும் எழுதிக் குடுக்கலையா ஆத்தா?" என்று கேட்டபோது, "நீ உன் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டேன்.

மழை பிடித்ததும் பிடி இறுகியது. முதலில் விரலை உதறினது, பிறகு தோள் வரைக்கும் இழுத்தது. வெளிப்பக்கம் அதே சுவரில் பதித்த தண்ணீர்க் குழாயைத் தொட்டாலும் சுள்ளென்று கடித்தது. பிள்ளை கோபமாக இருக்கிறாள், ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று பயந்து, தினமும் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தேன். மகனிடம் போனில் சொல்லவில்லை. சொன்னால் திருப்பூருக்குக் கூட்டிப் போய்விடுவான். அவளை விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ராத்திரியெல்லாம் அடித்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. சுவர் முழுக்க ஓதம் ஏறி, மஞ்சள் கரைந்து வழிந்திருந்தது. பொட்டு மூன்றும் மூன்று கண் மாதிரி ஈரத்தில் மினுங்கின. நான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து, பொட்டைத் தொடக் கையைத் தூக்கிவிட்டேன். அப்போது வெளியே ஒரு கத்தல். ஒரே ஒரு கத்தல், பாதியில் அறுந்தது.

கையை இறக்கிவிட்டு வெளியே ஓடினேன். என் வீட்டுச் சுவர்க் குழாய்க்குக் கீழே பக்கத்து வீட்டுக்காரியின் வெள்ளை ஆட்டுக்குட்டி கால் விறைத்துக் கிடந்தது. குழாயில் சொட்டுகிற தண்ணீரை நக்க வந்திருக்கிறது போல. கண் திறந்திருந்தது. ஒரு காயம் இல்லை, ரத்தம் இல்லை. சுற்றிலும் ஒரு ஈ, காக்கா இல்லை. தூக்கிப் பார்க்கலாம் என்று, குனிய வாகாகக் குழாயைப் பிடிக்கக் கை நீட்டினேன். பின்னாலிருந்து யாரோ என் கையைப் பற்றி வெடுக்கென்று இழுத்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரிதான். சண்டைக்கு வந்திருந்தாள்.

"கொக்கி போடுறேன்னு ஊரெல்லாம் என் பேரக் கெடுத்த. இப்ப என் குட்டியப் பிடிச்சு உன் வீட்டுக் கன்னிக்குக் காவு குடுத்துட்டியா? நீ நல்லா இருப்பியா?"

வேறு எது சொல்லியிருந்தாலும் நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. "என்ன பேச்சுடி பேசுற? எம்மக ஆட்டுக்குட்டியக் கொல்ல மாட்டா" என்றேன்.

சொன்ன வாயை மூடவில்லை, எனக்கே அது உறைத்தது. ஆமாம், அவள் கொல்லமாட்டாள். ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு தூங்கினவள் அவள். அப்படியென்றால் இந்தக் குட்டியைப் பிடித்தது யார்? இத்தனை நாளாக என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்?

வாய்விட்டே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவள் சண்டையை மறந்து என் முகத்தைப் பார்த்தாள். "யாரு அக்கா உன் கையப் பிடிக்கிறது?"

சொன்னேன். சுவர், விறுவிறுப்பு, சிவப்பு லைட்டு எல்லாம் சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போனது. ரெண்டு பேரும் ஈரத்தில், வெயிலில்லாத அந்த உச்சி வேளையில், என் வீட்டு வாசலையே பார்த்தபடி நின்றோம். உள்ளே போக ரெண்டு பேருக்கும் கால் வரவில்லை. நான் கட்டின வீட்டுக்கு நானே பயந்து நின்றேன்.

"குறி சொல்ற கோடாங்கியக் கூப்பிடவா, என் தம்பியக் கூப்பிடவா?" என்றாள். அவள் தம்பி பழங்காநத்தத்தில் வீடுகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன்.

"கோடாங்கி என்ன சொல்லுவான்னு எனக்கே தெரியும். உன் தம்பிய வரச் சொல்லுத்தா. கொஞ்சம் உதவி பண்ணச் சொல்லு" என்றேன். ஒருத்தரிடம் உதவி என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் அவளிடம்.

அவன் பைக்கில் வந்து சேரும் வரைக்கும் என்னைத் தன் வீட்டில் உட்கார வைத்து, தன் சேலையைக் கொடுத்து மாற்றச் சொல்லி, காப்பி கொடுத்தாள். குடிக்கும்போது "கொக்கிக்காரி வீட்டுக் காப்பி, பாத்துக் குடி, ஷாக் அடிக்கும்" என்று குத்திக்காட்டவும் மறக்கவில்லை.

அவள் தம்பி வந்ததும் முதலில் மீட்டரைப் பார்த்தான். மெயினை இறக்கினான். சிவப்பு லைட்டு நின்றது. மெயினை ஏற்றினான், வீட்டில் ஒன்றும் ஓடவில்லை, லைட்டு சிமிட்டியது. "உள்ள எங்கயோ குடிக்குது ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே அந்த அறைக்கு வந்தான். சுவரில் பொட்டைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் எல்லாரும் செய்கிறதையே அவனும் செய்தான். ரப்பர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். கை கூப்பப் போனவன் சட்டென்று நின்று, தரையைப் பார்த்தான், தரை ஈரம். மறுபடி செருப்பைப் போட்டுக்கொண்டான். "கோவிச்சுக்காத தாயி, இத மாட்டிக்கிட்டுத்தான் உன்கிட்ட வரணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

டெஸ்டரை எடுத்து முதல் பொட்டில் வைத்தான். வெறும் சுவர், உள்ளங்கை அகலக் குங்குமம். டெஸ்டருக்குள் மங்கலாக ஒரு வெளிச்சம் எழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ரெண்டாவது பொட்டில் கொஞ்சம் கூடுதல். மேலே நகர்த்தி, காய்ந்த மாலை தொங்கிய ஆணியில் வைத்தான். பளிச்சென்று எரிந்தது.

"இந்த ஆணிய யாரு அடிச்சது?"

"நான்தான்."

அவன் டெஸ்டரால் ஆணியைச் சுட்டிக் காட்டினான். சுவருக்குள்ளே குளியலறைக்குப் போகிற வயர் மேல் ஆணி இறங்கியிருக்கிறது, அந்த வழியாகக் கரண்ட் ஓதத்தில் பரவி ராப்பகலாக மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, பில் ஏறினது அதனால்தான் என்று விளக்கினான். அதே சுவரில் குழாயும் பதிந்திருப்பதால் அதற்கும் இறங்கியிருக்கிறது. "இன்னைக்கு இருக்கிற ஈரத்துல நீ தொட்டிருந்தா, ஆட்டுக்குட்டிக்கு முன்னாடி நீ போயிருப்ப ஆத்தா" என்றான்.

மெயினை இறக்கிவிட்டு ஆணியைப் பிடுங்கினான். அந்தப் பழைய வயரைத் துண்டித்துவிட்டு, வெளியே பைப்புக்குள் புது வயர் இழுத்தான். கசிவு வந்தால் தானாக அணைந்துவிடுகிற சுவிட்ச் ஒன்றும் மாட்டிக் கொடுத்தான். கூலி வாங்க மாட்டேன் என்றான். விடவில்லை, சட்டைப் பையில் திணித்தேன். அவன் அக்காவுக்கும் ஒரு வெள்ளைக் குட்டி பிடித்துக் கொடுத்தேன். அதை அவள் இப்போது வேலியில்லாத பக்கமாக என் வீட்டுக்குள்ளேயே மேய விடுகிறாள். நானும் விரட்டுவதில்லை.

அடுத்த ரீடிங்குக்கு அந்தப் பெண் வந்தாள். மீட்டரைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே தெருவுக்குக் கேட்கிற மாதிரி "சைபர் ஆத்தா!" என்றாள். நான் உள்ளே வந்துவிட்டேன். அன்று வெள்ளிக்கிழமை. உடம்பைத் துவட்டி, மணை மேல் நின்று, மூன்று பொட்டையும் தொட்டேன். சுவர் சுவராக இருந்தது.

அன்றைக்கு வேலியைத் தாண்டி ஒரு வார்த்தை கேட்டதால்தான் இன்றைக்கு உசுரோடு இருக்கிறேன். வீம்பால் உசுரை விட இருந்தவள் நான், அதை இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனாலும் சில உச்சி வேளையில் எல்லாச் சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் போய் நிற்கிறேன். லைட்டு சிமிட்டாமல் இருப்பதுதான் நல்லது என்று எனக்கு நன்றாகத் தெரியும், இருந்தும் ஒரே ஒரு தடவை சிமிட்டிவிடாதா என்று பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.