மணல் ஈக்களுக்கு முன்கூட்டியே ஒரு கடிதம்

1. ஐந்து பூஜ்யங்கள்

பாகூர்ப் பக்கத்துச் சோரியாங்குப்பத்தில் ஐந்தாவது மாட்டுக் கொட்டகையிலும் எனக்கு ஒரு மணல் ஈ கூடக் கிடைக்கவில்லை. ஆடி மாதம், வியாழக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். என் டைரியில் அப்படித்தான் இருக்கிறது.

கொட்டகைகள் இருந்த தெருவில் ஒரு குழந்தையைக் காய்ச்சலும் வலிப்புமாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். சண்டிபுரா வைரஸோ என்று சந்தேகம். அதைப் பரப்புவது மணல் ஈ. கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். சத்தமே போடாது. பகலில் மண்சுவர் வெடிப்பில் ஒளிந்திருந்து, இரவில் வந்து கடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

விடியற்காலையில் கொட்டகைச் சுவரில் டார்ச் அடித்து, ஆஸ்பிரேட்டர் என்னும் கண்ணாடிக் குழாயில் வாயாலேயே உறிஞ்சி அவற்றைப் பிடிப்பது என் வேலை. ஈ வாய்க்குள் போகாமலிருக்கக் குழாயில் ஒரு வலை உண்டு. வலை கிழிந்த நாளைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பிடித்த ஈக்கள் லேபுக்குப் போகும். எண்ணிக்கை ஆபீசுக்குப் போகும். மருந்தடிக்க இருந்தது ஒரே டீம். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஊர்கள் பல. வில்லியனூர்ப் பக்கத்துக்காரரான என் சூப்பர்வைசர் லூர்துசாமிக்குப் போன் செய்தேன்.

"அஞ்சும் ஜீரோ சார்."

"இன்னாபா ஏழுமலை, கண்ணாடி போட்டுனு பாத்தியா?"

"போட்டுனுதான் சார் பாத்தேன்."

"நாளைக்குப் பத்து மணிக்கு லிஸ்ட் முடிக்கணும். ஜீரோன்னா உன் தெருவ எடுத்துட்டு டீம வேற ஊருக்கு அனுப்பிடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

என் பூஜ்யங்களில் எனக்கு நம்பிக்கை இருந்தது. முறையாக எடுத்தவை அவை. பத்து நாளைக்கு முன்பே கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்குக் கடிதம் போட்டு, எந்தத் தேதி, எத்தனை மணி, யார் கொட்டகை என்று பட்டியல் கொடுத்து, வீட்டுக்கு ஒரு நகலும் சேர்ப்பித்திருந்தேன். எங்கள் பிரிவில் வேறு யாரும் அவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

2. மஞ்சள் பூசிய மாடு

ஐந்தாவது கொட்டகை தனலட்சுமியுடையது. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றும் பெண். கொட்டகை வாசலில் கோலம். உள்ளே பிளீச்சிங் பவுடர் வாசனை, அதற்கு மேல் சாம்பிராணி. மாட்டின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் துண்டு. முதல் நான்கு கொட்டகைகளிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். பாகூர்ப் பக்கத்து மக்களின் சுத்தத்தைப் பாராட்டி டைரியில் ஒரு வரியும் எழுதியிருந்தேன்.

குழாயைப் பைக்குள் வைக்கும்போது அவள் மகள் நிவேதா வந்து நின்றாள். நான்கு வயது. இரண்டு கையிலும் முழங்கை வரை சிவப்புத் தடிப்பு.

"கொசுக்கடி சார்" என்றாள் தனலட்சுமி, நான் கேட்பதற்கு முன்பே. "எங்க கொட்டாயில பூச்சின்றதே கெடையாது."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பக்கத்து வீட்டு மல்லிகா.

"எப்டி இருக்கும்? மூணு நாளா பொக மூட்டம் போட்டு அத்தனையும் எங்க வூட்டுக்குத் தொரத்தி வுட்டுட்டாளே! சார், நீங்க குடுத்த லிஸ்ட்ல எங்க வூட்டு பேரு இல்லன்னு இவளுக்கு அவ்ளோ எளக்காரம்!"

"நீ வாய மூடுடி! ஆபீசர் வர்ற வூட்ட கூட்டாம வெப்பாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து வீட்டுக்கும் நாள் குறித்து, மணி குறித்து, சுத்தம் செய்ய அவகாசமும் கொடுத்துவிட்டு, பிறகு போய் ஈ இல்லை என்று எழுதியிருக்கிறேன். டைரியில் பாராட்டிய வரியை அடித்தேன்.

3. சொல்லாமல் போனது

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தரைக்கு, யாரிடமும் சொல்லாமல் போய் நின்றேன். தனலட்சுமி கொட்டகைப் படலைக் குறுக்கே பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சார் இது? சாணி வாரல, மாடு கழுவல, மூட்டமும் போடல. இப்டியா வந்து நிப்பீங்க? நாளைக்கு வாங்க."

"இன்னிக்குப் பத்து மணிக்கே லிஸ்ட் முடிஞ்சிடும்மா. இப்ப ஈ கெடைச்சாத்தான் மருந்து வரும்."

"ஈ கீதுன்னு எழுதினா எங்கிட்ட எவன் பால் வாங்குவான்? உங்களுக்கின்னா, எழுதிட்டுப் பூடுவீங்க."

"பால்ல ஒண்ணும் வராதும்மா. அது தூங்கற புள்ளையத்தான் கடிக்கும். நிவேதா எங்க படுக்குது?"

கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வீட்டுப் பக்கம் அதன் ஓரத்தில்தான் நிவேதாவின் பாய் விரித்திருந்தது. தனலட்சுமி அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டாள்.

"எழுதறதுன்னா தெருவையே எழுதணும். எனக்கு மட்டும் எழுதினீங்க, வுடமாட்டேன்."

அவள் கண்ணுக்கு என் மூக்குக்கண்ணாடி ஈடில்லை. "தோ, அந்த வெடிப்புல, ரெக்கையத் தூக்கினு நிக்குது பாரு சார். உறிஞ்சுங்க, உறிஞ்சுங்க! அய்ய, வுட்டுட்டீங்களே!" மாடு என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து நக்கியது. நான் உறிஞ்சினேன். இருபத்து மூன்று.

அடுத்து மல்லிகா வீட்டுக் கொட்டகை. முப்பத்தொன்று.

"பாத்தியாடி? உங்க வூட்லதான் ஜாஸ்தி!" என்றாள் தனலட்சுமி.

"எல்லாம் உங்க வூட்டு ஈதான்டி! நேத்து வந்துது!"

ஒன்பதே முக்காலுக்கு லூர்துசாமியிடம் எண்ணிக்கையைச் சொன்னேன்.

"ஒரே நாள்ல எங்கிருந்துபா வந்துது?"

"அந்தத் தெருவுலயேதான் சார் இருந்துது. நான்தான் வரேன் வரேன்னு சொல்லித் தொரத்தினு இருந்தேன்."

அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். தெரு லிஸ்டில் ஏறியது.

4. மெழுகாத சுவர்

திங்கட்கிழமை மருந்தடித்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்த குழந்தை மறுவாரம் நடந்தே வீடு வந்தது. நான் பிடித்த ஈக்களில் வைரஸ் இல்லை என்று லேபிலிருந்து பதில் வந்தது. அந்த ஈக்களில் இல்லை, அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் எந்த அர்த்தமும் தேடக் கூடாது.

மருந்து காய்ந்ததும் கொட்டகைச் சுவரெல்லாம் வெள்ளைத் திட்டு. இதில்தான் எங்கள் வேலை பெரும்பாலும் வீணாகும். அசிங்கமாக இருக்கிறதென்று மறுநாளே சாணி போட்டு மெழுகிவிடுவார்கள். மருந்து சாணிக்கு உள்ளே, ஈ வெளியே.

ஐப்பசியில் மறுபடியும் சொல்லாமலேயே போனேன். தீபாவளிக்கு வீடுகளெல்லாம் புதுச் சுண்ணாம்பு. கொட்டகைச் சுவர்கள் மட்டும் திட்டுத் திட்டாக அப்படியே இருந்தன. மல்லிகா வீட்டுக் கொட்டகைச் சுவரில் ஒரே ஒரு முழம் மெழுகியிருந்தது.

"நாத்தனா வராளேன்னு ஆரம்பிச்சேன் சார்" என்றாள் மல்லிகா. "இவ வந்து சாணிச் சட்டியப் புடுங்கினு பூட்டா."

"இவ வூட்டு ஈ எங்க வூட்டுக்கு வராதா?" என்றாள் தனலட்சுமி.

பழைய பூஜ்யங்கள் ஐந்தையும் நான் ரெஜிஸ்டரில் அழிக்கவில்லை. அழிக்கக் கூடாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்பு மையில் காரணம் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பூஜ்யம் வந்தால், ஈ எங்கே என்று கேட்பதற்கு முன், அங்கே நீ எப்படிப் போனாய் என்று கேள்.

அன்று கிளம்பும்போது நிவேதாவைக் கூப்பிட்டு இரண்டு கையையும் நீட்டச் சொன்னேன். தடிப்பு ஒன்றும் இல்லை. டைரியில் அதற்கும் ஒரு கட்டம் போட்டு, பூஜ்யம் என்று எழுதிக்கொண்டேன்.